சுங்கை சிப்புட் வட்டாரத்துல சைக்கிளும் ரோடும்: அடிக்கடி கேக்கற கேள்விங்க

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்க சுங்கை சிப்புட் டவுன், அதைச் சுத்தி இருக்க தோட்டங்க, தாமானுங்க (வீடமைப்புக் குடியிருப்புங்க), இங்கெல்லாம் சைக்கிள்ல போறவங்க பாதுகாப்பைப் பத்தி ஆளுங்க மாத்தி மாத்திக் கேக்கறதை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். பள்ளிக்கூட வாசல்ல கேட்டது, கோயில்ல கேட்டது, வாட்சப்புல வந்தது எல்லாம் இருக்கு. என் கருத்து என்னன்னு முதல்லயே சொல்லிடறேன்: தோட்டத்து வாசல்லேர்ந்து டவுன் வரைக்கும் இருக்க அந்த ரோட்டு ஓரத்தைத்தான் முதல்ல சரி பண்ணணும், மத்த அழகு வேலையெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப யாருங்க சைக்கிள் ஓட்றா? எல்லாரும்தான் மோட்டர் (மோட்டார் சைக்கிள்) வாங்கிட்டாங்களே?

காலையில ஆறரை மணிக்கு ரோட்டுப் பக்கம் வந்து நின்னு பாருங்க. தமிழ்ப்பள்ளிக்குப் போற பசங்க, பால்மரம் சீவின காலத்துலேர்ந்து அதே சைக்கிளை வச்சிருக்க தாத்தாங்க, டவுன்ல காய்கறி வாங்கிட்டு ஹேண்டில்ல பை மாட்டிக்கிட்டு வர்ற பாட்டிங்க, அப்புறம் தோட்டத்துலயும் ஃபேக்டரியிலயும் வேலை செய்யற வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தம்பிங்க. இவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு லைசென்ஸ் கிடையாது, காடி (கார்) கிடையாது, பஸ்ஸும் அந்தப் பக்கம் ஒழுங்கா வராது. கூட்டத்துல எழுந்து பேசற ஆளுங்க இல்ல இவங்க, அதனாலதான் "சைக்கிளே இல்லையே"ன்னு நமக்குத் தோணுது. அவங்களும் அதே ரோட்டுலதான் போறாங்க, அவங்க வீட்டுலயும் சாயங்காலம் வாசலைப் பாத்துக்கிட்டு ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கு.

எந்த இடம் ரொம்ப ஆபத்து? டவுனா, வெளிய இருக்க ரோடா?

டவுன்ல காடி மெதுவாத்தான் நகரும், இடிச்சாலும் பெரும்பாலும் சின்னக் காயத்தோட போயிடும். நான் பயப்படறது தோட்டத்துச் செம்மண் ரோடு வந்து தார் ரோட்டுல சேர்ற முச்சந்திக்குத்தான். செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு லோரி வெளிய வர்றப்ப டயர்ல ஒட்டுன மண்ணும் சரளைக் கல்லும் தார்மேல இழுத்துக்கிட்டு வரும், திரும்பற இடத்துல குலுங்கி உதிரிப் பழம் நாலு விழும், பின்னால வர்ற காடிங்க அதை நசுக்கிட்டுப் போகும், மேல ஒரு மழை பெஞ்சா அந்த எண்ணெயும் சேறும் சேர்ந்து சைக்கிள் டயருக்குப் பிடியே இருக்காது. இதைத் தெரிஞ்சவரு ஓரத்தை விட்டுட்டு கொஞ்சம் நடுப்பக்கம் ஒதுங்குவாரு, அவரு ஒதுங்கறது பின்னால வேகமா வர்றவருக்குத் தெரியாது.

இன்னொண்ணு தார் முடியற விளிம்பு. ரோட்டுக்கு மேல மேல தார் போட்டு ஒசந்துக்கிட்டே போகுது, பக்கத்து மண்ணு ஒவ்வொரு மழையிலயும் கரைஞ்சு எறங்கிக்கிட்டே போகுது, சில எடத்துல விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரக்கடை வித்தியாசம் இருக்கும். லோரிக்கு வழி விடறேன்னு சைக்கிளோட முன் சக்கரம் அதுல எறங்கிடுச்சுன்னு வைங்க, திரும்ப மேல ஏத்தப் பாக்கறப்ப டயர் அந்த விளிம்புலயே உரசிக்கிட்டு வரும், ஏறாது, ஹேண்டில் வெட்டி ஆளு ரோட்டுப் பக்கமா விழுவாரு. "தானா விழுந்துட்டாரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அந்த விளிம்பை யாரும் பாக்கறதில்ல.

ரெண்டுக்கும் மருந்து சாதாரண வேலைதான். தோட்டத்து ரோடு தார் ரோட்டைத் தொடறதுக்கு முன்னால ஒரு இருபது முப்பது மீட்டருக்கு கான்கிரீட்டோ தாரோ போட்டா டயர்ல இருக்க மண்ணு அங்கயே உதிர்ந்துடும். விளிம்புல கல்லுத்தூள் கொட்டி நல்லா அழுத்தி ரோட்டு மட்டத்துக்கு ஏத்தணும், முடிஞ்சா அந்த ஓரத்துக்கும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் போடணும். நான் எங்க போனாலும் இந்த ரெண்டைத்தான் முதல்ல கேப்பேன்.

வேகம், வேகம்னு சொல்றீங்களே, அது என்ன அவ்ளோ பெரிய விஷயமா?

ஆமா. கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல போற காடி ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடும், 60-ல கிட்டத்தட்ட 17 மீட்டர், 30-ல எட்டு மீட்டர் சொச்சம். சைக்கிளைக் கண்ணு பாத்து கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டுக்கு மேல ஆகும், பிரேக் பிடிச்ச பிறகு ஓடற தூரம் தனி. அதோட வேகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா இடி நாலு மடங்கு ஆகும், 30-ல இடிச்சா ஆஸ்பத்திரியோட போற பிள்ளை 60-ல இடிச்சா பிழைக்கறதே கஷ்டம். 2020-ல ஸ்டாக்ஹோம்ல நாடுங்க எல்லாம் கூடி சாலைப் பாதுகாப்பைப் பத்தி ஒரு பிரகடனம் போட்டாங்க, அதுல நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் காடியோட கலந்து போற இடத்துல 30-க்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்கு.

நம்ம ஃபெடரல் ரோட்டுல பொதுவா 90, டவுனுக்குள்ள 60. ஈப்போவுலேர்ந்து 90-ல வர்ற ஆளு டவுன் எல்லையில போர்டு பாத்ததும் 60-க்கு எறங்கிடுவாருன்னு எதிர்பாக்கறோம். கால் அவ்ளோ சீக்கிரம் எறங்காது. அதனால டவுன் ஆரம்பிக்கற இடத்துல ரோட்டைக் கொஞ்சம் குறுக்கிக் காட்டணும், நடுவுல சின்னத் திட்டு வைக்கணும், தடதடன்னு சத்தம் வர்ற மஞ்சள் பட்டை போடணும், டிரைவருக்கு "இனிமே ஊரு"ன்னு உடம்புலயே தெரியணும். வெறும் போர்டை நம்பி பிள்ளைங்களை அனுப்ப முடியாது.

காலையில பள்ளிக்குப் போறப்ப ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு? அதுக்கு என்ன செய்யறது?

1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்துல கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க, சபா சரவாக்கோட ஒரே நேரமா இருக்கணும்னு. அதுலேர்ந்து நம்ம பக்கம் சூரியன் ஏழு மணிக்கு மேல, சில மாசத்துல ஏழரை கிட்டத்தான் வருது. பிள்ளைங்க கிளம்பறது அதுக்கு முன்னால, பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில பேர் கூப்பிடற இடத்துக்கு) போற ஆளுங்க அதுக்கும் முன்னால. டிரைவரும் தூக்கக் கலக்கத்துல இருப்பாரு.

வீட்டுல செய்யக்கூடியது: பின்னால சிவப்பு லைட்டு, முன்னால வெள்ளை லைட்டு, மட்கார்டுலயும் பெடல்லயும் ஒளி பட்டா மின்னற டேப்பு. பெடல்ல ஒட்டறது ரொம்ப நல்லது, மேலயும் கீழயும் ஆடறதால தூரத்துலேர்ந்தே சைக்கிள்னு தெரிஞ்சிடும். பத்து பதினைஞ்சு வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடியற வேலை. தோட்டத்து நிர்வாகம், ஃபேக்டரிக்காரங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள், உங்க வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு பூட்ஸ் குடுக்கற மாதிரி ஆளுக்கு ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் பின் லைட்டும் குடுங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கறுப்புச் சட்டையோட லைட்டே இல்லாம போற தம்பிங்களைப் பாக்கறப்ப வயிறு கலங்குது.

ரோட்டுல செய்ய வேண்டியது: முச்சந்திங்கள்ல விளக்கு. ரோடு முழுக்கக் கம்பம் நட காசு இல்லன்னா முச்சந்திக்கு மட்டுமாவது போடணும். எரியாத விளக்கைப் புகார் பண்றப்ப கம்பத்துல எழுதியிருக்க நம்பரைக் குறிச்சுக்குங்க, அது இல்லாம போனா தேடறதுலயே நாள் போயிடும்.

புகார் பண்ணா "இது எங்க ரோடு இல்ல"ன்னு சொல்றாங்களே?

இங்கதான் நிறைய பேர் சலிச்சுப் போயி விட்டுடறாங்க. ரோடு யாருதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ரோட்டுப் பலகையில, கிலோமீட்டர் கல்லுல இருக்க எண்ணைப் பாருங்க. வெறும் எண் மட்டும் இருந்தா அது ஃபெடரல் ரோடு, டவுன் வழியா ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போற 1-ஆம் எண் ரோடு அப்படித்தான். எண்ணுக்கு முன்னால ஏ-ன்னு எழுத்து இருந்தா பேராக் மாநில ரோடு. இந்த ரெண்டையும் பராமரிக்கறது ஜே.கே.ஆர். (பொதுப்பணி இலாகா), ஆனா காசு வர்ற பை வேற வேற. தாமானுக்குள்ள இருக்க ரோடு, கடைத்தெரு, அங்க இருக்க லாங்காங் (சாக்கடை) எல்லாம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக் கீழ வரும். தோட்டத்துக்குள்ள இருக்கறது கம்பெனி சொத்து.

சிக்கல் எங்க வருதுன்னா ஒரே முச்சந்தியில மூணு பேரு ரோடும் சேரும். அப்ப மூணு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்க, ஒவ்வொருத்தர் கடிதத்துலயும் மத்த ரெண்டு பேருக்கும் நகல் போயிருக்குன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் தள்றது நல்லாவே குறையும்.

சரி, எப்படி எழுதறது? போன்ல சொன்னா போதாதா?

போன்ல சொல்றது காத்தோட போயிடும், எழுத்துல இருக்கணும். பொதுப்பணி அமைச்சு 2023-ல மைஜாலான்னு ஒரு ஆப் விட்டாங்க, குழியைப் படம் பிடிச்சு இடத்தோட அனுப்பலாம். நகராண்மைக் கழகத்துக்கும் மத்த அரசாங்க இலாகாவுக்கும் சிஸ்பாங்கற அரசாங்கப் புகார் தளம் வழியா ஆன்லைன்ல புகார் குடுக்கலாம், புகார் நம்பர் கிடைக்கும், அந்த நம்பரைப் பத்திரமா வைங்க.

எழுதறப்ப "ரோடு ரொம்ப மோசம், உடனே கவனிக்கவும்"னு எழுதாதீங்க, அதை வச்சு ஒரு இஞ்சினியர் எதுவும் செய்ய முடியாது. ரோடு எண், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம், எந்தத் திசையில போறப்ப இடது பக்கமா வலது பக்கமா, விளிம்பு எவ்ளோ ஆழம் (ஒரு ஸ்கூல் ரூலரை நிறுத்தி வச்சுப் படம் எடுங்க, ரொம்ப உதவும்), எந்த நேரத்துல யாரு அந்த வழியா போறாங்க, என்ன செய்யச் சொல்றோம், இதெல்லாம் இருக்கணும். மலாய்ல எழுதுங்க. வரலன்னா மேல்நிலைப்பள்ளியில படிக்கற பிள்ளையை உக்கார வச்சு எழுத வைங்க, அதுவும் கத்துக்கும்.

ஒரு நாள் காலையில ஆறரையிலேர்ந்து ஏழரை வரைக்கும் அந்த இடத்துல நின்னு எத்தனை சைக்கிள், எத்தனை மோட்டர், எத்தனை லோரின்னு எண்ணி எழுதி கூட வச்சு அனுப்பினா இன்னும் நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேர்ல போனா தனி ஆளு கடிதத்தை விட மதிப்பு அதிகம். நகல் உங்க சட்டமன்ற உறுப்பினருக்கும் போகணும், சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குக் கீழ லிந்தாங், ஜாலோங்னு ரெண்டு சட்டமன்றத் தொகுதி, நீங்க எதுல வர்றீங்கன்னு பாத்துக்குங்க. நகராண்மைக் கழக கவுன்சிலரை நாம ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கறதில்ல, 1965-லயே ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வச்சது அப்படியே நின்னு போச்சு, அதனால நம்ம ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர்தான். அவரு ஆபீசுக்கு நேராப் போறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ரோட்டோரம் கலர் பெயிண்ட் அடிச்சு சைக்கிள் பாதைன்னு போட்டா முடிஞ்சு போச்சே?

2018-ல கோலாலம்பூர்ல அனைத்துலக நகர்ப்புற மாநாடு நடந்தப்ப டவுன் நடுவுல நீலப் பெயிண்ட்ல சைக்கிள் பாதை போட்டாங்க. தடுப்பு எதுவும் இல்ல. கொஞ்ச நாள்லயே அதுமேல காடி நிக்க ஆரம்பிச்சது, மோட்டர் ஓடுச்சு, சைக்கிள்காரங்க நடு ரோட்டுக்கு வர வேண்டியதாப் போச்சு, கடைசியில பாதையையே எடுக்கணும்னு பேச்சு வந்துச்சு. எனக்கு அதைப் பாத்து வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அதுக்கப்புறம் யாரு சைக்கிள் பாதை கேட்டாலும் "அதான் கே.எல்.-ல போட்டுப் பாத்தாச்சே"ங்கறாங்க.

பெயிண்ட் காடியை நிறுத்தாது. ஓரமா ஒரு சின்னக் கட்டையோ, வளையற கம்பமோ, கொஞ்சம் ஒசரமோ இருந்தாத்தான் அது பாதை. கடைத்தெருவுல இது இன்னும் முக்கியம், ரெட்டை பார்க்கிங் போடற பழக்கம் உங்களுக்கே தெரியும். சைக்கிள் பாதை எப்படிக் கட்டணும்னு ஜே.கே.ஆர். 1986-லயே தனியா ஒரு தொழில்நுட்ப வழிகாட்டி போட்டிருக்காங்க, அதனால புதுசா ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் கேக்கறோம்னு யாராவது சொன்னா இதை எடுத்துச் சொல்லுங்க.

பாதை போட்டா கப்சாய் (சின்ன மோட்டர்) எல்லாம் அதுல வந்துடுமே?

வரும். நம்ம நாட்டுல ரோட்டுல சாகறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டர்ல போறவங்க, அவங்களும் உயிருக்குப் பயந்துதான் ஓரத்துக்கு வர்றாங்க. அதனால தோட்டத்து ரோட்டுல சைக்கிளுக்கு மட்டும்னு ஒத்தையடிப் பாதை கேக்கறதை விட, மோட்டரும் சைக்கிளும் சேர்ந்து போற மாதிரி அகலமான தார் ஓரம் கேக்கறதுதான் சரின்னு நான் நினைக்கறேன். இது நம்ம நாட்டுக்குப் புதுசில்ல, கிள்ளான் பள்ளத்தாக்குல ஃபெடரல் ஹைவே ஓரம் காடியிலேர்ந்து பிரிச்சு தனிப் பாதை 1970-களிலேயே வந்துடுச்சு, அதை நீட்டின பிறகு மோட்டர் விபத்து 39% குறைஞ்சதா நம்ம மலேசிய ஆய்வாளர்களே கணக்குப் போட்டிருக்காங்க. பள்ளிக்கூட வாசல்லேர்ந்து கடைசி முன்னூறு நானூறு மீட்டர் மட்டும் பிள்ளைங்களுக்குத் தனியாப் பிரிச்சுக் குடுக்கணும், அங்க கப்சாயும் வேண்டாம்.

எங்க தாமான்ல நாங்களே சிமெண்ட் போட்டு பம்ப் (வேகத்தடை) கட்டிக்கலாமா?

வேண்டாம். அனுமதி இல்லாம போட்டா அது சட்டப்படி இடைஞ்சல், யாராவது விழுந்தா கட்டினவங்க தலையில வரும். அதோட நாம கட்டறது குட்டையா செங்குத்தா இருக்கும், காடி தாண்டிடும், சைக்கிளும் மோட்டரும்தான் இருட்டுல தூக்கி வீசப்படும். சரியான ஹம்ப் கிட்டத்தட்ட நாலு மீட்டர் நீளத்துல மெதுவா ஏறி மெதுவா எறங்கும். நகராண்மைக் கழகத்துக்கிட்ட எழுதிக் கேளுங்க, தாமான்காரங்க கையெழுத்தோட.

லாங்காங் மூடி காணாம போயிடுது, யாருகிட்ட சொல்றது?

பழைய இரும்புக்குப் போடறதுக்காகத் திருடறாங்க. அன்னைக்கே ஒரு மரக்கிளையோ சிவப்புத் துணியோ நட்டு வைங்க, அப்புறம் புகார் குடுங்க. திரும்பப் போடறப்ப கான்கிரீட் மூடியாக் கேளுங்க. இரும்புக் கம்பி மூடிதான் போடுவாங்கன்னா கம்பிங்க ரோட்டுக்குக் குறுக்கால இருக்கணும், ரோடு போற திசையிலயே இருந்தா சைக்கிள் டயர் அந்தச் சந்துல எறங்கிடும்.

தோட்டத்துக்குள்ள இருக்க ரோட்டுக்கு மேனேஜர்கிட்ட என்ன கேக்கலாம்?

பெருசா எதுவும் வேண்டாம். முச்சந்தியில கண்ணை மறைக்கற மட்டையை வெட்டச் சொல்லுங்க, லோரி வெளிய போற நேரத்தைப் பள்ளி நேரத்துலேர்ந்து அரை மணி தள்ளி வைக்கச் சொல்லுங்க, லயத்து (தொழிலாளிங்க வீட்டு வரிசை) பக்கம் வேகம் குறைக்கச் சொல்லுங்க. லோரி நேரத்தைத் தள்ளி வைக்கறதுக்கு ஒரு காசு செலவு இல்ல. கிராணி (தோட்டத்து குமாஸ்தா), மண்டோர் (மேற்பார்வையாளர்) யாராவது உங்களுக்குப் பழக்கம்னா அவங்க வழியா முதல்ல பேசுங்க, கோவில் கமிட்டியும் கூட வந்தா நல்லது.

தோட்டத்தை வித்து வீடமைப்புத் திட்டம் வருதாம். இப்பவே ஏதாவது செய்யணுமா?

இப்பத்தான் செய்யணும். வீடு வந்த பிறகு பழைய தோட்டத்து ரோடு குறுக்கு வழியா மாறிடும், நேத்து வரைக்கும் பிள்ளைங்க விளையாடின இடத்துல காடி வரிசையா ஓடும். 1976-ஆம் வருஷத்து நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும், நாம ஆட்சேபம் எழுதலாம். அந்த நோட்டீசு வர்றப்ப போயி வரைபடத்தைப் பாருங்க, நடைபாதை எங்க, சைக்கிள் எந்த வழியா பள்ளிக்குப் போகும், பெரிய ரோட்டைக் கடக்கற இடம் எதுன்னு கேளுங்க. காகிதத்துல ஒரு கோடு மாத்தறது சுலபம், கட்டினதை இடிச்சு மாத்தறது நடக்காது.

காசு இல்லன்னு சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. மாநில ரோடு, நகராண்மைக் கழக ரோடு பராமரிப்புக்கு மாரிஸ்னு ஒரு திட்டம் வழியா மத்திய அரசாங்கம் வருஷா வருஷம் மாநிலத்துக்குப் பணம் குடுக்குது. அந்தத் திட்டத்தோட பதிவேட்டுல இருக்க ரோட்டுக்குத்தான் பணம். அதனால "எங்க ரோடு மாரிஸ்ல பதிஞ்சிருக்கா?"ன்னு நேராக் கேளுங்க, இல்லன்னா பதியச் சொல்லுங்க. அப்புறம் ரோட்டுக்குப் புதுசாத் தார் போடப் போறாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாலயே போயி நில்லுங்க, மிஷினு ரோலரு எல்லாம் அங்கயே இருக்கறப்ப ஓரத்தையும் சேர்த்துப் போடறது தனியா வந்து போடறதை விட மலிவு.

லோரி பக்கத்துல போறப்ப பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கறது?

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல பதிய வைங்க: நிக்கற லோரியோட இடது பக்கம் நுழையக் கூடாது. டிரைவர் வலது பக்கம் ஒசரத்துல உக்காந்திருக்காரு, இடது கதவுக்குக் கீழ இருக்க சைக்கிள் அவரு கண்ணுல படாது. லோரி இடது பக்கம் திரும்பறப்ப முன் சக்கரம் போன வழியில பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கிட்டு வரும். பள்ளியில ஒரு நாள் லோரி ஒண்ணை நிறுத்தி வச்சு பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா டிரைவர் சீட்டுல உக்கார வச்சுக் காட்டினா, "என் கூட்டாளி அங்க நிக்கறான், எனக்குத் தெரியவே இல்ல"ன்னு அதுங்களே சொல்லும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் குடுக்கலாமா? ஹெல்மெட் கட்டாயமா?

நின்னுக்கிட்டு ஓட்ற அந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ரோட்டுல ஓட்டத் தடை இருக்கு, 2022-ல போக்குவரத்து அமைச்சு அறிவிச்சாச்சு. வாங்காதீங்க. ஹெல்மெட் போடுங்க, விழுந்தா மண்டையைக் காப்பாத்தும். ஆனா 90-ல வர்ற காடிக்கு முன்னால அது பத்தாது, ஹெல்மெட் போட்டாச்சு இனி ரோடு எப்படி இருந்தா என்னன்னு பேசறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

பசங்க லாஜாக் சைக்கிள்னு பிரேக்கைக் கழட்டிட்டு ராத்திரியில ஓட்றாங்க. அவங்களுக்காகவா ரோடு கேக்கறீங்க?

2017 பிப்ரவரியில ஜொகூர் பாருவுல விடியக்காலம் மூணு மணிக்கு மேல அப்படி ஓட்டிக்கிட்டிருந்த 8 பசங்க ஒரே விபத்துல இறந்து போனாங்க. அந்தப் பெத்தவங்களை நினைச்சா இன்னைக்கும் மனசு கேக்காது. வீட்டுல ராத்திரி பிள்ளை எங்கன்னு பாக்கறது நம்ம பொறுப்பு, சைக்கிள்ல ரெண்டு பிரேக்கும் இருக்கான்னு பாக்கறதும் நம்ம பொறுப்பு, பிரேக்கைக் கழட்டிக் குடுக்கற கடைக்காரர்கிட்ட ஊருல நாலு பேரு சேர்ந்து போயி பேசுங்க. அதோட அந்தப் பசங்களுக்கு வேகமா ஓட்ட ஒரு இடம் வேணும். டவுன் திடல்ல சாயங்காலம் ஒரு மூலையை ஒதுக்கி விட்டா அதுல பாதிப் பேரு ரோட்டுக்கு வரமாட்டான்.

எங்க அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்ல, சைக்கிளை மட்டும் விட மாட்டேங்கறாரு. என்ன செய்ய?

பிடுங்காதீங்க. டீக்கடைக்குப் போறதும் கூட்டாளிங்களைப் பாக்கறதும் அந்தச் சைக்கிள்லதான், அதை எடுத்துட்டா மனுசன் வீட்டுக்குள்ள மொடங்கிடுவாரு. அரசாங்க கிளினிக்குல கண்ணைக் காட்டுங்க, புரை இருந்தா ஆபரேஷன் பண்ணிக்கலாம். சீட்டை ரெண்டு காலும் தரையில படற அளவுக்கு எறக்கி விடுங்க, வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டுங்க, திரும்பிப் பாக்கறப்ப கழுத்தோட சேர்ந்து ஹேண்டிலும் திரும்பிடும் வயசானவங்களுக்கு. வெயில் ஏறி எட்டரை ஒம்பது மணிக்குப் போகச் சொல்லுங்க, பள்ளிக் காடியும் வேலைக்குப் போற கூட்டமும் குறைஞ்சிருக்கும். பெரிய ரோட்டைக் கடக்கறப்ப எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க, அவரு எந்த இடத்துல கடக்கறாருன்னு ஒரு நாள் பின்னாலயே போயிப் பாத்துட்டு வந்து அந்த இடத்தைப் பத்தி ஜே.கே.ஆருக்கு எழுதுங்க.